நோயே இல்லாத மாட்டுக்கு எதற்கு வீரியமான ஊசி?

கேள்வி: வணக்கம் டாக்டர். பட்டாபிராமில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் இரண்டு கறவை மாடு, ஒரு கன்று, முப்பது நாட்டுக்கோழி வளர்க்கிறேன். நாலைந்து வீட்டுக்குப் பால் ஊற்றுகிறேன். எங்கள் தெருவில் மைக்ரோபயாலஜி படிக்கும் பெண் ஒருத்தி புராஜெக்டுக்கு வேண்டும் என்று மாட்டுச் சாணமும் கோழி எச்சமும் எடுத்துப்போனாள். ஈ.கோலை என்ற கிருமி இருக்கிறதாம். ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் மூன்றுக்கும் 'ஆர்' (மருந்து கேட்காது), ஜென்டாமைசின், மெரோபெனம் இரண்டுக்கும் 'எஸ்' (மருந்து கேட்கும்) என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். மாடுகள் நன்றாகத் தின்கின்றன, பாலும் குறையவில்லை. நான் மருந்தே அதிகம் கொடுத்ததில்லை. போன வருடம் ஒரு மாட்டுக்கு மடிநோய் ஊசி, கோழிக்குஞ்சுகளுக்குக் கடையில் கொடுத்த மஞ்சள் பவுடரும் ஒரு பாட்டில் மருந்தும், அவ்வளவுதான். 'எஸ்' என்று வந்த மெரோபெனம் ஊசியைப் போட்டு வயிற்றைச் சுத்தம் செய்துவிடலாமா என்கிறார் வீட்டுக்காரர். பால் ஊற்றுவதை நிறுத்த வேண்டுமா? என் மாமனாருக்குச் சில மாதங்களாக யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து வந்து போகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?
— ஒரு வாசகி, பட்டாபிராம்

பதில்: ஊசி வேண்டாம் என்று முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். மெரோபெனம் என்பது ஐசியுவில் உயிருக்குப் போராடும் மனிதர்களுக்காக எடுத்து வைத்திருக்கும் மருந்து. பால், கறிக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கான மருந்தே அல்ல அது. அதைப் போட்டாலும் குடலிலுள்ள ஈ.கோலையைத் துடைத்து எடுத்துவிட முடியாது. மெரோபெனத்தையும் தாங்கக்கூடிய கிருமி ஒன்றிரண்டு எங்கேயாவது ஒளிந்திருந்தால், மற்றவையெல்லாம் செத்து அதற்கு இடம் காலியாகும். இன்றைக்கு 'எஸ்' என்று வந்த ஒரே காரணத்துக்காக ஒரு மருந்தைச் செலவழித்தால், அடுத்த வருடம் அதே தாளில் அதற்கும் 'ஆர்' என்று வரும்.

உங்கள் மாடுகளுக்கு நோய் எதுவும் இல்லை. வெப்ப ரத்தப் பிராணி எதுவானாலும், பிறந்த சில நாளிலேயே ஈ.கோலை அதன் குடலில் குடியேறிவிடும். உங்கள் வயிற்றிலும் உண்டு, என் வயிற்றிலும் உண்டு. அதில் பெரும்பாலான ரகங்கள் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருந்துவிட்டுப் போகும். 'ஆர்' என்றால் அந்தக் கிருமி கொடூரமானது என்று அர்த்தமில்லை. இதே கிருமி என்றைக்காவது ரத்தத்திலோ சிறுநீரிலோ மடியிலோ புகுந்து நோயாகிவிட்டால், அன்றைக்கு அந்த மருந்து கேட்காது. அவ்வளவுதான் அதில் இருக்கும் சேதி. சின்னச் சேதி என்று நான் சொல்லவில்லை.

அந்தப் பெண் என்ன செய்திருப்பாள் என்று சொன்னால் ரிசல்ட்டை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று புரியும். பஞ்சு சுற்றிய குச்சியில் சாணத்தைத் தொட்டு, மெக்கான்கி அகார் என்ற தட்டில் தேய்த்து, ஒரு ராத்திரி 37 டிகிரியில் வைத்திருப்பாள். காலையில் இளஞ்சிவப்புப் பொட்டுப் பொட்டாக வளர்ந்திருக்கும். அதில் ஒரு பொட்டை எடுத்து, அது ஈ.கோலைதானா என்று உறுதி செய்துகொண்டு, இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, மருந்து ஏற்றிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைத்திருப்பாள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வட்டம் இருந்தால் மருந்து வேலை செய்கிறது. வில்லையை ஒட்டியே வளர்ந்திருந்தால் 'ஆர்'. வட்டத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்துதான் முடிவு எழுதுவார்கள். முறை சரியானதுதான். ஆனால் ஒரு கிராம் சாணத்தில் லட்சக்கணக்கில் இருக்கும் ஈ.கோலையில் அவள் எடுத்துப் பார்த்தது ஒன்றிரண்டு பொட்டுதான். எதிர்ப்புள்ள கிருமி உங்கள் கொட்டகையில் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லலாம். எல்லாக் கிருமியும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது.

ஆரோக்கியமான மாட்டை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. நோயாளி மாட்டுக்கு ஏற்கெனவே யாராவது இரண்டு ஊசி போட்டிருப்பார்கள். அதன் கிருமியைப் பார்த்தால் அந்த ஊசிகளின் கதைதான் தெரியும். நன்றாக இருக்கும் பிராணியின் குடலைப் பார்த்தால்தான் ஒரு பண்ணையில், ஒரு ஊரில் மருந்து எந்த அளவுக்குப் புழங்கியிருக்கிறது என்று தெரியும். அது மட்டுமில்லை, நாம் பால் குடிப்பதும் கறி சாப்பிடுவதும் ஆரோக்கியமான பிராணிகளிடமிருந்துதான். டென்மார்க்கில் 1995 முதல் இதற்கென்றே ஒரு கண்காணிப்புத் திட்டம் ஓடுகிறது. இந்தியாவிலும் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து கால்நடை, மீன் இரண்டிலும் இதைப் பார்க்கும் ஒரு வலையமைப்பை நடத்துகின்றன.

மருந்தே அதிகம் கொடுக்கவில்லையே, பிறகு எப்படி வந்தது என்கிறீர்கள். நீங்கள் எழுதியதற்குள்ளேயே பாதி பதில் இருக்கிறது.

குஞ்சுகளுக்குத் தண்ணீரில் கலக்கக் கடையில் கொடுக்கும் மஞ்சள் பவுடர் பெரும்பாலும் டெட்ராசைக்ளின் வகையோடு வைட்டமின் கலந்தது. பெட்டி இருந்தால் பின்பக்கம் படித்துப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசினை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே என்று நினைப்பீர்கள். கோழிக்கென்று பாட்டிலில் விற்கும் மருந்துகளில் என்ரோஃப்ளாக்சசின் சர்வசாதாரணம். அது உடம்புக்குள் போனதும் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறிவிடும். பெயர்தான் வேறு, கிருமிக்கு இரண்டும் ஒன்று. இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்காவில் 2005-ல் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுக்கும் அனுமதியை எடுத்துவிட்டார்கள். குஞ்சுத் தீவன மூட்டையின் லேபிளையும் ஒருமுறை பாருங்கள். வளர்ச்சிக்கு என்று ஆன்டிபயாடிக் சேர்த்த தீவனமும் சந்தையில் இருக்கிறது. நாட்டுக்கோழி என்றாலே மருந்து படாத கோழி என்று நகரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. குஞ்சுப் பருவத்தில் அது என்ன தின்றது என்று கேட்காமல் அந்தப் பட்டத்தைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது மடிநோய்ப் பால். ஊசி போட்ட மாட்டின் பாலை மனிதர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள், நல்லது. அந்தப் பால் எங்கே போனது? வீணாக்க மனமில்லாமல் கன்றுக்கு வைத்திருந்தால் அதன் குடலுக்கு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சம் ஆன்டிபயாடிக் போயிருக்கும். எதிர்ப்புக் கிருமி வளர இதைவிட வசதியான இடம் கிடையாது. பண்ணைகளிலும் வீடுகளிலும் மிகச் சாதாரணமாக நடக்கிற விஷயம் இது, யாரும் தப்பாக நினைப்பதுகூட இல்லை.

மீதிப் பாதி உங்கள் கையில் இல்லை. சென்னையில் மேயும் மாடு எங்கே வாய் வைக்கிறது என்று உங்களுக்கே தெரியும். காய்கறிக் கழிவு, குப்பைத் தொட்டி, மழைநீர்க் கால்வாயில் தேங்கிய தண்ணீர். மனிதக் கழிவு கலந்த தண்ணீரில் எதிர்ப்புக் கிருமிகள் ஏராளம். 2011-ல் வெளியான ஒரு ஆய்வு டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரை எடுத்துப் பார்த்தது. 171 மாதிரிகளில் 51-ல் என்டிஎம்-1 மரபணு இருந்தது, மெரோபெனம் வகையையே செயலிழக்க வைக்கும் மரபணு அது. அதற்கு முந்தைய வருடம் அந்த மரபணுவைப் பற்றி உலகம் முழுக்கப் பேசவைத்த ஆய்வில் சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளும் இருந்தன. ஆகவே மாட்டிலிருந்து மனிதனுக்கு என்று மட்டும் இதைப் பார்க்காதீர்கள். மனிதனிடமிருந்து மாட்டுக்கும் தாராளமாகப் போகிறது.

இந்த எதிர்ப்புச் சக்தி பல கிருமிகளில் பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையத்தில் இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதைப் போல, ஒரு கிருமி இன்னொன்றுக்கு அந்த வளையத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். கொடுத்ததிடமும் இருக்கும், வாங்கியதிடமும் இருக்கும். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருப்பதும் உண்டு. டெட்ராசைக்ளின் மட்டும் கொடுத்த கோழியில் ஆம்பிசிலினுக்கும் 'ஆர்' வருவது இப்படித்தான்.

இதைக் கண்ணுக்கு நேராகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவர் நடத்தியது, 1976-ல் வெளியானது. ஒரு குடும்பத்தின் பண்ணையில் 300 கோழிக்குஞ்சு. பாதிக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம், பாதிக்குச் சாதாரணத் தீவனம். ஒரு வாரத்துக்குள் மருந்துத் தீவனம் தின்ற கோழிகளின் ஈ.கோலை ஏறக்குறைய முழுவதும் டெட்ராசைக்ளினை எதிர்க்க ஆரம்பித்துவிட்டது. ஐந்தாறு மாதம் போனதும் அந்த வீட்டு மனிதர்களின் மலத்தைப் பார்த்தார்கள். 31 சதவீத மாதிரிகளில், இருந்த கிருமியில் பத்தில் எட்டுக்கு மேல் எதிர்ப்புக் கிருமி. அக்கம்பக்கத்து வீடுகளில் அப்படி வந்தது 7 சதவீதத்துக்கும் குறைவு. அந்த வீட்டார் யாரும் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை, கோழிகளோடு புழங்கினார்கள், அவ்வளவுதான். அரை நூற்றாண்டுக்கு முன் தெரிந்த விஷயத்தை நாம் இன்னும் கடை கவுன்டரில் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு ஆறாத கோபம்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு பிளாஸ்மிட்டில் இருப்பதாக 2015-ல் சீனாவிலிருந்து சேதி வந்தது. அங்கேயும் முதலில் சிக்கியது பன்றியின் ஈ.கோலையில்தான். உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டினை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது.

மருந்தை நிறுத்தினால் கிருமி பழையபடி ஆகுமா? ஆகும், ஆனால் சொன்ன பேச்சு கேட்டு ஆகாது. டென்மார்க்கில் அவோபார்சின் என்ற தீவன மருந்தை 1995-ல் தடை செய்தார்கள். அந்த வருடம் கறிக்கோழிகளின் என்டிரோகாக்கஸ் என்ற குடல் கிருமியில் எதிர்ப்பு 73 சதவீதம். 2000-ல் அது 6 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. பன்றிகளில் மட்டும் இறங்காமல் சுமார் 20 சதவீதத்திலேயே நின்றது. காரணம், பன்றிகளுக்கு டைலோசின் என்ற வேறொரு மருந்து தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது, இரண்டுக்குமான எதிர்ப்பும் ஒரே வளையத்தில் இருந்தது. டைலோசினைக் குறைத்த பிறகுதான் அங்கேயும் இறங்கியது. அதனால் உங்கள் கொட்டகையில் இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதித்து இன்னும் 'ஆர்' என்று வந்தால் மனம் தளர வேண்டாம். அடிக்கடி சோதிக்கவும் வேண்டாம்.

பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஈ.கோலை எத்தனை மருந்தை எதிர்த்தாலும் கொதிக்கிற பாலில் சாகும். கொதிக்கிற சூட்டைத் தாங்க அது கற்றுக்கொள்ளவில்லை. பால் வாங்கும் வீடுகளில் காய்ச்சித்தான் குடிக்கிறார்களா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கறந்த சூட்டோடு குடித்தால் உடம்புக்குத் தெம்பு என்று குழந்தைகளுக்குப் பச்சைப்பால் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. முட்டையும் அப்படித்தான். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையை நல்லெண்ணெயோடு பச்சையாகக் கொடுப்பார்கள். முட்டையும் நல்லெண்ணெயும் இருக்கட்டும், முட்டையை வேகவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், சத்து எங்கும் போய்விடாது. கோழியை வீட்டில் அறுத்தால் குழாயடியில் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கக் கழுவாதீர்கள். கறி வெட்டிய பலகையில் வெங்காயம், கொத்தமல்லி நறுக்காதீர்கள். வெந்த குழம்பில் ஆபத்து இல்லை, பலகையில் இருக்கிறது.

ஆனால் ஊசி போட்ட மாட்டின் பால் வேறு கதை. கிருமி கொதித்தால் சாகும், பாலில் இறங்கிய மருந்து கொதித்தாலும் முழுசாகப் போகாது. அந்தப் பாலில் உறை ஊற்றினால் சில நேரம் தயிரே தோயாது, உறைமோரில் இருக்கும் நல்ல கிருமிகளை மருந்து கொன்றுவிடுவதால். எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று மருந்துப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். போடாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், ஆடு மாடு கோழிக் கறிக்கு 28 நாள் என்று இந்திய விதி சொல்கிறது. அந்தப் பாலைக் கன்றுக்கும் வைக்காதீர்கள், கால்வாயிலும் ஊற்றாதீர்கள். கிணறும் போர்வெல்லும் தள்ளியிருக்கும் இடத்தில் குழி வெட்டி அதில் ஊற்றுங்கள்.

இனி உங்கள் மாமனார். சிறுநீர்த் தொற்றுக்கு மிகச் சாதாரணக் காரணம் ஈ.கோலைதான், அதுவும் பெரும்பாலும் அவரவர் குடலிலிருந்தே வருவது. அந்தக் குடல் கிருமி உங்கள் மாட்டிலிருந்து வந்ததா, அவர் முன்பு சாப்பிட்ட மாத்திரைகளால் வளர்ந்ததா, ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டதா என்று அந்தப் பெண் கொடுத்த தாளையும் அவருடைய யூரின் ரிசல்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தெல்லாம் சொல்ல முடியாது. இரண்டிலும் சிப்ரோவுக்கு 'ஆர்' என்றிருந்தாலும் அது ஒரே கிருமி என்பதற்குச் சாட்சி ஆகாது. கிருமியின் மரபணுவை முழுசாகப் படித்தால்தான் தெரியும். மாட்டின் மேல் பழியைப் போட்டுக் கொட்டகையைக் காலி செய்ய வேண்டாம். வயதான ஆணுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் புராஸ்டேட் வீக்கமா, சர்க்கரையா, சிறுநீர் முழுசாக வெளியேறாமல் தங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நான் கால்நடை மருத்துவர், இதற்குமேல் நான் சொல்லக் கூடாது. சிறுநீரகவியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அடுத்த மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே யூரின் கல்ச்சர் எடுத்துவிடுங்கள், வீட்டில் மாடு கோழி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். கொட்டகையில் புழங்கிவிட்டு வருபவர்கள் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். காலையில் சாணம் கரைத்து வாசல் தெளிக்கும் கைக்கும் இதுவே.

சாணத்தைக் கீரைப் பாத்திக்குப் பச்சையாகப் போடாதீர்கள். குவித்து, ஈரம் காயாமல் பார்த்து, புரட்டிப் புரட்டி மக்கவைத்தால் குவியலுக்குள் சூடு 55 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தால் கிருமிகள் பெருமளவு குறையும். கையைக் குவியலுக்குள் விட்டால் தாங்க முடியாத சூடு இருக்க வேண்டும், வெறுமனே காய்ந்து போவது மக்குவது ஆகாது. பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் தெளிப்பவராக இருந்தால் மண்ணுக்கு ஊற்றுங்கள். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினா இலைமேல் வேண்டாம்.

மருந்து தேவைப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்களால் முடிந்த பெரிய காரியம். குஞ்சுகள் செத்து விழுவதற்கு நம் ஊரில் முதல் காரணம் வெள்ளைக்கழிச்சல். அது வைரஸ், அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காது, மஞ்சள் பவுடரும் கேட்காது. முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடும் தடுப்பு மருந்து, எட்டு வாரத்தில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள், கழிச்சல் தடுப்பூசி முகாமும் நடத்துகிறார்கள். பவுடருக்குச் செலவழித்த காசில் தரையில் போட உமி வாங்கலாம். மாட்டுக்குக் கறக்கும் முன் காம்பைக் கழுவித் துடைத்து, கறந்தபின் அயோடின் கரைசலில் முக்கி எடுங்கள். கறந்தவுடன் தீவனம் வைத்து அரை மணி நேரம் மாட்டை நிற்க வையுங்கள். காம்புத் துளை மூட நேரம் வேண்டும், உடனே படுத்தால் தரையிலுள்ள கிருமி நேராக உள்ளே போகும். மடி லேசாக வீங்கும் தொடக்கத்திலேயே சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் முறையை தேசியப் பால்வள வாரியமே பரிந்துரைக்கிறது. ஆரம்பத்தில் செய்தால் பல மாடுகளுக்கு அதோடு சரியாகிறது. காய்ச்சல் அடித்தாலோ, பாலில் ரத்தமோ சீழோ வந்தாலோ பூச்சோடு நிற்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து ஊசி போடாமல் போனால் வைத்தியமே பார்க்கவில்லை என்று குறைப்படாதீர்கள். அந்தக் குறைக்குப் பயந்தே எங்கள் ஆட்களில் பலர் தேவையில்லாத ஊசியைப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

ஊசி தேவை என்றே ஆகிவிட்டால், முதல் ஊசிக்கு முன்னால் பால் மாதிரி எடுத்து வைத்துவிடுங்கள். காம்பை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் நாலைந்து பீச்சலைக் கீழே விட்டு, அடுத்ததைக் கை படாமல் சுத்தமான கல்ச்சர் பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எந்த மருந்து கேட்கும் என்று இரண்டு மூன்று நாளில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பெண் கொடுத்த தாளையும் உடன் எடுத்துப் போங்கள். மடியில் இருப்பது வேறு கிருமியாக இருக்கலாம், ஆனாலும் உங்கள் கொட்டகையில் டெட்ராசைக்ளினும் சிப்ரோ வகையும் எடுபடாமல் போக வாய்ப்பு உண்டு என்று டாக்டருக்கு ஒரு முன்தகவல் கிடைக்கும்.